பெரிய வீல், மெல்லிய டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன்: பார்க்க 'கெத்து'தான்... காருக்கு என்ன ஆகும்?

செஞ்சி,

விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில் இருந்து வடக்கே சுமார் 4 கி.மீ. தூரத்தில் உள்ளது சிங்கவரம் கிராமம். பல்லவர் காலத்தில் மலைப்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட ரங்கநாதர் கோவில் இங்கு பிரசித்தி பெற்றது. தேசிங்கு ராஜா வழிபட்ட கோவில் என்று சொல்லப்படுவதால், செஞ்சிக்கோட்டையை பார்க்க வருபவர்கள் அப்படியே சிங்கவரத்துக்கும் ஒரு எட்டு போய் விட்டு வருகிறார்கள்.

கடந்த 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் மராட்டியர் கால ராணுவ கோட்டைகள் 12-ஐ உலக பாரம்பரிய பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. தமிழ்நாட்டில் இருந்து அதில் இடம் பிடித்தது செஞ்சிக்கோட்டை மட்டுமே. இன்னொரு பக்கம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்கு ஒவ்வொரு அமாவாசைக்கும் பக்தர்கள் குவிகிறார்கள்.

இந்த இடங்களுக்கு எல்லாம் திண்டிவனம்-திருவண்ணாமலை தேசிய நெடுஞ்சாலையில் செஞ்சி வரை சல்லென்று வந்து விடலாம். அதன் பிறகு கிராமச்சாலைதான். வேகத்தடை, சாலை ஓர பள்ளம், சிறுபாலத்தின் மேடு எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பெரிய அலாய் வீல், ரப்பர் பட்டை போல மெல்லிய டயர், தரையை உரசும் பாடி என்று காரை மாற்றுவது வாலிபர்களிடம் ஒரு மோகமாக உள்ளது. "டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி இருக்கு, அசிங்கமா இருக்கு, இறக்கி விடுங்க அண்ணே" என்று மெக்கானிக்கிடம் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நாலு விரல் இடைவெளி சும்மா விடப்பட்ட காலி இடம் அல்ல. கார் குழியில் இறங்கி ஏறும்போது சக்கரம் மேலே போய் வருவதற்கான இடம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவரும் அப்படித்தான். இந்த இரண்டையும் குறைத்தால் என்ன நடக்கும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

டயரில் உள்ள எண்

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் 185/65 ஆர்15 என்பது போல ஒரு எண் இருக்கும். இதில் 185 என்பது டயரின் அகலம். மில்லி மீட்டரில் சொல்வது. அடுத்து வரும் 65 என்பது பக்கச்சுவரின் உயரம். இது மில்லி மீட்டர் அல்ல, சதவீதம். அதாவது 185-ல் 65 சதவீதம். கணக்கு போட்டால் சுமார் 120 மி.மீ. வரும். ஆர் என்பது ரேடியல் டயர் என்பதைக் குறிக்கும். கடைசியில் உள்ள 15, ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலம்.

ரிம்மின் விட்டத்தோடு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் கிடைக்கும். 15 அங்குலம் என்பது 381 மி.மீ. இரண்டு சுவர் 240 மி.மீ. ஆக மொத்தம் சுமார் 621 மி.மீ.

இந்த மொத்த உயரம்தான் முக்கியம். ஸ்பீடாமீட்டர், கியர், பிரேக், மட்கார்டு என எல்லாவற்றையும் கார் கம்பெனி இதை வைத்துத்தான் வடிவமைக்கிறது.

உதாரணத்துக்கு மாருதி ஸ்விப்ட் காரை எடுத்துக்கொள்ளலாம். இதன் சாதாரண ரகத்துக்கு 165/80 ஆர்14 டயரும், விலை கூடிய ரகத்துக்கு 185/65 ஆர்15 டயரும் கம்பெனியே கொடுத்து வந்தது. முதலாவதின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. இரண்டாவது 621 மி.மீ. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகியும் மொத்த உயரம் மாறவில்லை. அந்த ஒரு அங்குலத்தை டயர் சுவரில் இருந்து கழித்து விட்டார்கள்.

சுவர் மெலிந்தால்...

இதே கணக்கில் 195/55 ஆர்16 போட்டாலும் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ.தான். 205/45 ஆர்17 போட்டால் 616 மி.மீ. மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது. "அப்புறம் என்னங்க பிரச்சினை?" என்று கேட்கலாம்.

பிரச்சினை சுவரில் இருக்கிறது. 14 அங்குல ரிம்மில் 132 மி.மீ. இருந்த சுவர், 15 அங்குலத்தில் 120 ஆகிறது. 16-ல் 107 மி.மீ. 17-க்குப் போனால் வெறும் 92 மி.மீ.தான். ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த காற்று மெத்தையில் கிட்டத்தட்ட 3-ல் ஒரு பங்கு காணாமல் போய் விடுகிறது.

குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது முதல் அடியை வாங்குவது ஸ்பிரிங் அல்ல, டயரின் சுவர்தான். சுவர் உயரமாக இருந்தால் அது அமுங்கி அடியை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லியதாக இருந்தால் அமுங்க இடம் இல்லாமல் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே சிக்கி நசுங்கும். உள்ளே உள்ள நூல் இழைகள் அறுந்து, பக்கத்தில் கோழிமுட்டை போல வீக்கம் தெரியும். ரிம் வளைந்தும் போகலாம்.

வீங்கிய டயருக்கு பஞ்சர் ஒட்டி சரி செய்ய முடியாது. அதோடு வேகமாக ஓட்டினால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். மாற்றுவது ஒன்றே வழி.

மெல்லிய சுவரால் லாபமே இல்லையா என்றால், உண்டு. வளைவில் டயர் நெளிவது குறையும். ஸ்டீரிங்கை திருப்பியதும் கார் உடனே கேட்கும். காய்ந்த ரோட்டில் அகலமான டயருக்கு பிடிமானமும் கூடும். ஆனால் மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில், பட்டன் தேய்ந்த அகல டயர், குறுகிய டயரை விட சீக்கிரம் தண்ணீர் மீது மிதக்க ஆரம்பித்து விடும். மிதக்கும் டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீரிங்கும் கிடையாது.

மீட்டர் பொய் சொல்லும்

சிலர் மொத்த உயரத்தைப் பார்க்காமலே பெரிய டயரை மாட்டி விடுகிறார்கள். 185/65 ஆர்15 இருந்த காரில் 205/60 ஆர்16 போட்டால் மொத்த உயரம் 652 மி.மீ. ஆகிறது. அதாவது 5 சதவீதம் பெரிய சக்கரம். ஒரு சுற்றுக்கு கார் 5 சதவீதம் கூடுதல் தூரம் ஓடும். ஆனால் மீட்டர் சுற்றுகளைத்தானே எண்ணுகிறது? டயர் மாறிய விஷயம் அதற்கு தெரியாது.

இதனால் பழைய டயரில் 80 கி.மீ. என்று மீட்டர் காட்டிய அதே இடத்தில், இப்போது கார் 84-க்கு இணையான வேகத்தில் போகும். நிஜ வேகத்தை விட மீட்டர் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சர்வதேச விதி. அதற்காக கம்பெனிகள் மீட்டரை கொஞ்சம் கூட்டித்தான் வைக்கின்றன. பெரிய டயர் போட்டால் அந்த பாதுகாப்பு இடைவெளி கரைந்து விடும்.

2019 ஜூலை 1-ந் தேதி முதல் தயாராகும் கார்களில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி கேட்கும். பெரிய டயர் போட்ட காரில் அந்த ஒலியும் தாமதமாகத்தான் வரும்.

கார் நிஜமாக 1000 கி.மீ. ஓடியிருந்தால் மீட்டர் 953 என்று காட்டும். "என்னடா மைலேஜ் இப்படி இறங்கிடுச்சு" என்று வண்டிக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வார். சர்வீஸ் விட வேண்டிய நேரமும் தள்ளிப்போகும்.

மைலேஜ் நிஜமாகவும் குறையும். பெரிய ரிம்மும் அகல டயரும் பெரும்பாலும் எடை கூடியவை. அந்த எடை நடுவில் இல்லாமல் வெளி ஓரத்தில் இருப்பதால் சுற்ற வைக்கவும் அதிக சக்தி வேண்டும், நிறுத்தவும் அதிக சக்தி வேண்டும். சின்ன என்ஜின் உள்ள காரில் இந்த இழுவை நன்றாகவே தெரியும்.

ரிம் வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிம்மின் நடுப்பகுதி எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி இருக்கிறது என்பதற்கு ஆப்செட் என்று பெயர். இது மாறினால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க அகலமாகத் தெரியும். ஆனால் வீல் பேரிங் மீது பாரம் கூடி, நாளடைவில் 'ஙொய்ங்' என்று சத்தம் வர ஆரம்பிக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டலாமா?

அடுத்தது காரை தாழ்த்துவது. இதற்காகவே தயாரிக்கப்பட்ட ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் செட்டுகள் உள்ளன. விலை அதிகம். அதனால் செலவைக் குறைக்க, கம்பெனி ஸ்பிரிங்கையே கட்டிங் மிஷினில் வெட்டுவது அல்லது கேஸ் வைத்து சூடாக்கி உட்கார வைப்பது என்று குறுக்கு வழியில் இறங்குகிறார்கள்.

ஸ்பிரிங்கின் விரைப்பு அதன் சுற்றுகளைப் பொறுத்தது. 6 சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மீதி உள்ள ஸ்பிரிங் 20 சதவீதம் விரைப்பாகி விடும். ஒன்றரை சுற்றை வெட்டினால் 33 சதவீதம். விரைப்பு மாறியது ஷாக் அப்சர்பருக்கு தெரியாது. அது பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்றபடிதான் வேலை செய்யும். கார் கட்டை வண்டி போல தூக்கித் தூக்கிப் போடும்.

வெட்டிய முனை அதன் கிண்ணத்தில் சரியாக உட்காராது. சூடாக்கினால் இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகு, பதம் பார்த்து சூடேற்றி குளிர வைத்து தயாரிக்கப்படுவது. கேஸ் நெருப்பு பட்ட இடத்தில் அந்த பதம் போய் விடும். போகப்போக ஸ்பிரிங் தானாகவே இறங்கும், உடையவும் செய்யும்.

எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து, சக்கரம் மேலே போய் வரும் தூரம் குறைவதுதான். 5 செ.மீ. தாழ்த்தினால் மேல்நோக்கிப் போகும் தூரத்தில் 5 செ.மீ. போய்விட்டது. சின்ன மேட்டுக்கே ஷாக் அப்சர்பர் அடியில் உள்ள ரப்பர் கட்டையில் போய் 'டம்' என்று இடிக்கும். அந்த நொடியில் காருக்கு சஸ்பென்ஷனே இல்லை என்று அர்த்தம்.

வளைவில் இப்படி இடித்தால் சக்கரம் ரோட்டில் இருந்து துள்ளும். காரை நிறுத்துவது பிரேக் என்று நினைக்கிறோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். காரை நிறுத்துவது ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் டயர். டயர் ரோட்டில் இல்லை என்றால் எந்த பிரேக்கும், எந்த ஏ.பி.எஸ்.சும் காப்பாற்றாது.

வெளியே புதுசு, உள்ளே கம்பி

காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தின் கோணமும் மாறுகிறது. மேல்பகுதி உள்பக்கமாக சாய்கிறது. முன்சக்கரங்கள் பார்க்கும் திசையும் கொஞ்சம் பிசகுகிறது. வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள் ஓரம் மட்டும் தேயும்.

வெளியில் இருந்து பார்த்தால் டயர் புதிதாகத் தெரியும். உள்பக்கம் கம்பியே வெளியே வந்திருக்கும். சித்திரை வெயிலில், முழு பாரத்தோடு, நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது அந்த டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"தாழ்த்தினா கார் வளைவுல சாயாதுல்ல?" என்பது பலரது நம்பிக்கை. புவியீர்ப்பு மையம் கீழே வருவது உண்மை. ஆனால் நம் ஊர் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்புதான் உள்ளது. இதில் காரை இறக்கும்போது லோயர் ஆர்ம் என்ற கை, சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்து விடும். அதனால் கார் எந்தப் புள்ளியை வைத்து சாய்கிறதோ அந்த புள்ளி, காரின் உயரம் இறங்கியதை விட அதிகமாக கீழே இறங்கி விடும். அளவுக்கு மீறி தாழ்த்தினால் சாய்வதற்கான விசை குறைவதற்குப் பதில் கூடும். அதைச் சமாளிக்கத்தான் விரைப்பான ஸ்பிரிங் தேவைப்படுகிறது.

பின்பக்கம் மட்டும் தாழ்த்தினால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கும். எதிரே வருகிற பைக்காரரின் கண்ணில் அடிக்கும். ராத்திரியில் இதுவும் விபத்தில்தான் முடியும்.

வேகத்தடை கணக்கு

ஸ்விப்ட் காரின் அடிப்பகுதி தரையில் இருந்து 163 மி.மீ. உயரத்தில் இருப்பதாக கம்பெனி சொல்கிறது. காரில் 5 பேர் ஏறி, டிக்கியில் சாமான் வைத்து 4 செ.மீ. இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மீதி 123 மி.மீ. இதே காரை 5 செ.மீ. தாழ்த்தியிருந்தால் மீதி 73 மி.மீ.தான். நாலு விரல் கட்டை அளவு.

இந்தியன் ரோடு காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி, 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரமும், கார் போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். இப்படி அகலமாக இருந்தால் நாலு சக்கரமும் சேர்ந்தே மேட்டில் ஏறி விடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர் இடைவெளி உள்ள ஸ்விப்ட் போன்ற காருக்கு, நடுவில் முட்டும் உயரம் சுமார் 44 மி.மீ.தான். தாழ்த்திய கார் கூட தப்பித்து விடும்.

ஆனால் சிமெண்டை கொட்டி ஒரு அடி அகலத்தில் திடுதிப்பென்று எழுப்பிய வேகத்தடை என்றால் கதை வேறு. முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறுவதற்குள் முழு மேடும் காரின் வயிற்றுக்கு கீழே நிற்கும். 10 செ.மீ. மேடு, 123 மி.மீ. உள்ள காரைத் தொடாது. 73 மி.மீ. உள்ள கார் கண்டிப்பாக உட்காரும்.

முதலில் அடி வாங்குவது ஆயில் சம்ப், சைலன்சர். ஆயில் சம்பில் சின்ன விரிசல் விழுந்தாலும் ஆயில் ஒழுகி விடும். சிவப்பு விளக்கு எரிவதைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் ஜாம். சில ஆயிரம் ரூபாய் ஸ்டைலுக்கு ஆசைப்பட்டு என்ஜின் வேலைக்கு பெரிய தொகையை எண்ணி வைக்க வேண்டி வரும்.

குழிக்கும் மேட்டுக்கும் பயந்து ரப்பர் கட்டை, ஸ்பேசர் வைத்து காரை உயர்த்துபவர்களும் உண்டு. அதுவும் அளவோடுதான். உயர்த்த உயர்த்த, திடீரென ஒடிக்கும்போது கார் கவிழும் வாய்ப்பு கூடும்.

ரேஸ் கார் மட்டும் எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை அருகே கரி ஸ்பீட்வே போன்ற ரேஸ் டிராக்குகளில் ஓடும் கார்கள் தரையோடு தரையாகத்தான் இருக்கும். அங்கு குழி கிடையாது, வேகத்தடை கிடையாது, பின்சீட்டில் பாட்டி கிடையாது. ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், கோணம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். ஓட்டம் முடிந்ததும் டயரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். அந்த ரோட்டுக்கு அது சரி. சிங்கவரம் ரோட்டுக்கு அது சரிப்படாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றி அமைக்கக்கூடாது. கேரளாவில் இருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் காரின் நிலையைப் பார்க்கும். சொல்லாமல் செய்த மாற்றம் இருந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரலாம்.

என்ன செய்யலாம்?

காரை அழகுபடுத்தவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அளவு தெரிந்து செய்தால் போதும்.

* டிரைவர் பக்க கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்று அளவும் அதில் எழுதியிருக்கும். கார் கையேட்டிலும் இருக்கும். உங்கள் மாடலின் உயர்ந்த ரகத்துக்கு கம்பெனி என்ன அளவு தருகிறதோ அதைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

* டயர் எண்ணுக்குப் பின்னால் 88எச் என்பது போல இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை தாங்கும். புது டயரில் இந்த எண் பழையதை விடக் குறையக்கூடாது.

* டயர் தயாரான வாரமும் வருடமும் 4 இலக்கத்தில் இருக்கும். 3424 என்றால் 2024-ம் ஆண்டு 34-வது வாரம். 'செகண்ட்ஸ்' அலாயோடு சேர்த்து பழைய டயரை தலையில் கட்டினால் இதை வைத்து கண்டுபிடித்து விடலாம்.

* கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு கீழே போகக்கூடாது. பள்ளத்தின் நடுவே உள்ள சிறு மேட்டின் அளவுக்கு தேய்ந்து விட்டால் மாற்ற வேண்டும். உள் ஓரத்தையும் குனிந்து பாருங்கள்.

* ஒரே ஆக்சிலில் இரண்டு அளவு டயர் வேண்டாம். அலாய்க்கு மாறினால் ஸ்டெப்னியின் மொத்த உயரமும், அதற்கான போல்ட்டும் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து விட வேண்டும்.

* ஏற்கனவே தாழ்த்திய கார் என்றால் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, பின்சீட்டில் 3 பேரை உட்கார வைத்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் அந்தக் காரில் வெளியூர் பயணம் வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங்கை கழற்றிப் போட்டு விட்டு கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டி, அலைன்மெண்ட் பார்ப்பதே நல்லது.

மெல்லிய டயர் போட்டவர்கள் காற்று குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இன்னும் அவசியம். சுவர் குறைந்த டயரில் காரைத் தாங்குவதற்கு மிச்சம் இருப்பது அந்தக் காற்று மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.